முதலாவதா, ரெண்டாவதா

எனக்கு மூக்கு மேல கோபம் வரும்னு எங்க தெருவுக்கே தெரியும். அதனால முதல்லயே சொல்லிடுறேன், இதுல நான் நிறையக் கத்துவேன். கத்த வேண்டிய இடத்துல வாயடைச்சுப் போனதும் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்களுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. முன்பக்கம் முழுக்க என் ராஜ்ஜியம். ஃபிரேம் எடுத்துக் காட்டறது, மூக்குல சரியா உக்காருதான்னு பாக்கறது, காதுப் பக்கத்துக் கம்பியைச் சூடு காட்டி வளைக்கறது, பேரம் பேசறவங்க வாயை அடைக்கறது எல்லாம் நான்தான். திரைக்குப் பின்னாடி இருக்கற இருட்டு ரூம் என் வீட்டுக்காரரோடது. அங்க ஒரு பெரிய நாற்காலி, எதிர்ச் சுவத்துல எழுத்துப் பலகை. வந்து உக்கார்றவங்க கண்ணுக்கு முன்னாடி ஒரு கண்ணாடியைப் பிடிப்பாரு, அதையே திருப்பிப் பிடிப்பாரு. "முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?"ன்னு கேப்பாரு. முதலாவதுன்னா அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்திட்டு மறுபடி கேப்பாரு. இப்படிக் கேட்டுக்கிட்டே போனா, ஒரு கட்டத்துல அவங்க "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு"ன்னு முழிப்பாங்க. ஏதோ தப்பாச் சொல்லிட்டோம்னு பயந்துக்குவாங்க. ஆனா எங்க தொழில்ல அந்தப் பதிலுக்குத்தான் காத்திருக்கறது. அதுக்கு மேல திருப்ப ஒண்ணும் இல்ல. "அவ்வளவுதாங்க, எழுந்திரிங்க"ன்னு சொல்லிட்டு விளக்கைப் போடுவாரு.

கல்யாணம் ஆனதுலருந்து திரைக்கு இந்தப் பக்கம் நின்னு அதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். வீட்டுலயும் அதே பேச்சுதான். சட்டை எடுக்கப் போனா முதலாவதா ரெண்டாவதா, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கணும்னா முதலாவதா ரெண்டாவதா. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்பவும் ரெண்டு போட்டோவைக் கையில வெச்சுக்கிட்டு அவகிட்ட இதையேதான் கேட்டாரு. அவ ரெண்டையும் ஓரமாத் தள்ளிட்டு மூணாவதா ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினா. மாப்பிள்ளை தங்கமான பையன், அது வேற விஷயம்.

ஊர்க் கண்ணையெல்லாம் பாத்த மனுஷனுக்குத் தன் கண்ணு போறது தெரியல. நான்தான் கண்டுபிடிச்சேன். பக்கவாட்டுல தண்ணி டம்ளரை நீட்டினா தட்டி விடுவாரு. கதவு நிலையில தோளை இடிச்சுக்குவாரு. முதல்ல நான் எரிஞ்சு விழுந்தேன், எந்த உலகத்துல இருக்கீங்கன்னு. திரும்பத் திரும்ப நடக்கவும்தான் இது கவனக்குறைவு இல்லைன்னு புரிஞ்சுது. அந்த நாற்காலியில அவரு ஒரு தடவைகூட உக்காந்ததில்லைன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பிடிச்சு இழுக்காத குறையா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

டாக்டரம்மா நிதானமாப் பேசறவங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பை அரிக்குது, பார்வை ஓரத்துலருந்து உள்ள சுருங்கிட்டே வரும்னு சொன்னாங்க. போனது போனதுதான், இருக்கறதைக் காப்பாத்தலாம்னாங்க. பக்கப் பார்வை பாக்கற மெஷின்ல இவரை உக்கார வெச்சு எடுத்துப் பாத்துட்டு, அவங்களே கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. நரம்பைப் பாத்தா பயமா இருக்கு, டெஸ்டு என்னவோ பரவாயில்லன்னு காட்டுதுன்னாங்க. டெஸ்டு மோசமா இருந்திருந்தா உடனே ஆபரேஷன்தானாம். பரவாயில்லங்கறதால இப்போதைக்குச் சொட்டு மருந்து போதும்னு முடிவு பண்ணாங்க. வண்டி ஓட்டறதைப் பத்தி இவரு கேட்டாரு. பகல்ல மட்டும் ஓட்டுங்க, ஆறு மாசம் கழிச்சு அடுத்த டெஸ்டு எடுக்கும்போது அநேகமா நிறுத்தச் சொல்லிடுவேன்னு சொன்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டல. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கணும்னாரு.

சிரிக்கறதா அழறதான்னு எனக்குத் தெரியல. இந்த மனுஷன் கல்யாணம் ஆன நாள்லருந்து ஓட்டறது டப்பாக் காரு. லென்ஸ் பெட்டியை அடுக்க வசதியா இருக்கும்னு வாங்கினது. ஆனா ரோட்டுல அந்த மாதிரித் தரையோட தரையாப் படுத்த காரு ஒண்ணு உறுமிக்கிட்டுப் போனா, பேசிக்கிட்டு இருக்கற பேச்சைப் பாதியில விட்டுட்டு அது மறையற வரைக்கும் நிப்பாரு. எனக்கு அது தெரியும். தனக்குன்னு வாயைத் திறந்து அவரு கேட்டது இது ஒண்ணுதான். அலைய முடியலைன்னு கிளைக் கடையை அப்பத்தான் வித்திருந்தோம். அந்தப் பணம் இருந்துச்சு. பொண்ணு போன்ல, அப்பாவுக்கு இந்த வயசுல என்ன ஆட்டம்னு சிரிச்சா. அவளுக்குக் கண்ணு விஷயம் இன்னும் சொல்லல. வாங்கிக்கங்கன்னு நான் சொல்லிட்டேன். அடுத்த டெஸ்டுக்குள்ள அவரு ஆசை தீர ஓட்டிடணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல்ல புதுக் காரு விக்கற இடத்துக்குப் போனோம். டப்பாக் காரை நான்தான் ஓட்டினேன், இனி ஸ்போர்ட்ஸ் காரைத்தான் தொடுவேன்னு அவரு சொல்லிட்டாரு. தரையில முகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அங்க ஒரு பையன், கோட்டும் சூட்டுமா, பத்தடி தள்ளி வரும்போதே வாசனை வந்துடுச்சு. நான் அவனுக்கு அத்தர்னு பேர் வெச்சேன். அத்தர் எங்களைக் கண்டதும் ராஜ மரியாதைதான். இந்தக் காரை அடுக்கி வெச்சு விக்கறதில்லையாம், ஆர்டர் குடுத்த பிறகுதான் செய்வாங்களாம். வெளிப்பூச்சு, சீட்டுத் தோல், தோலைத் தைக்கற நூல், எல்லாம் நாம சொல்றபடி. இவரு மை நீலத்துல மயங்கிட்டாரு. நூல்ல ரெண்டு சாம்பல் நிறத்தை என் கண்ணு முன்னாடி நீட்டி, முதலாவதா ரெண்டாவதான்னாரு. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. காரு எப்ப வரும்னு கேட்டேன். ஒன்பது மாசம் ஆகும் மேடம்னு அத்தர் பல்லைக் காட்டினான். பிள்ளையே பெத்துடலாமேன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

அப்புறம் பழைய காரு விக்கற அண்ணன்கிட்டப் போனோம். அண்ணன்னா கூடப் பிறந்தவர் இல்ல, என்னை எடுத்த எடுப்புலயே தங்கச்சின்னு கூப்பிட்டதால அண்ணன். தகரக் கொட்டகைக்குள்ள அதே காரு நின்னுச்சு, எலுமிச்சம்பழ மஞ்சள்ல. சும்மா பேருக்கு ஓடினது, டயர்ல மண்ணுகூடச் சரியா ஒட்டல. ஏன் விக்கறாங்கன்னு நோண்டி நோண்டிக் கேட்டேன். வாங்கின மனுஷன் பளிங்குக் கல்லு வியாபாரியாம், முதுகுத் தண்டுல கோளாறு. உள்ள ஏறினா இறங்க முடியல, இறங்கினா நிமிர முடியல, ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் தூக்கி நிறுத்த வேண்டியதாப் போச்சாம். அண்ணன் அதைச் சிரிக்காம சொன்னாரு. இன்னிக்குச் சொன்னா நாளைக்கே எடுத்துட்டுப் போலாம்னாரு.

எனக்குக் கணக்கு அங்கயே முடிஞ்சுது. ஒன்பது மாசம் கழிச்சு வர்றதா, நாளைக்கு வர்றதா? இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆனா இவரு பிடி குடுக்கல. மஞ்சள் பிடிக்கலைன்னாரு. அடுத்தவன் உக்காந்து குழி விழுந்த சீட்டுன்னாரு. அத்தர் குடுத்தனுப்பின தோல் துண்டையும் நூல் துண்டையும் சாப்பாட்டு மேசையில பரப்பி வெச்சுக்கிட்டு, ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாக்கறதும் திரும்பக் கொண்டாந்து வைக்கறதுமா இருந்தாரு. நான் தட்டு வைக்க இடம் இல்லாம கத்தினேன். அந்த வண்டி வரும்போது நீங்க ஓட்டற நிலைமையில இருப்பீங்களான்னு ஒரு நாள் வாய் தவறிக் கேட்டே விட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

அவரு கோவிச்சுக்கல. டெஸ்டு எப்பவும் நல்லாத்தான் வரும், நீ கவலைப்படாதேன்னாரு. அவ்வளவு தெம்பாச் சொன்னாரு. எனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு. டாக்டரம்மாவோட மருந்துதான் வேலை செய்யுதுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

கடைசியில நான் ஒத்தைக் கால்ல நின்னு, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மஞ்சள் காரை ஓட்டிப் பாக்கறதுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு தடவை உக்காந்துட்டா விட மாட்டாருன்னு என் நினைப்பு. ரெண்டே சீட்டுங்கறதால அண்ணன் கொட்டகையிலயே இருந்துட்டாரு. பெரிய ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு வாங்கன்னு சாவியைக் குடுத்தாரு. நான் புடவையைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரு வழியா உள்ள விழுந்தேன். ஸ்டியரிங்கைத் தொட்டதும் இவரு மூஞ்சி மாறிப் போச்சு. கல்யாணத்தன்னிக்குக்கூட அந்த மூஞ்சியை நான் பாக்கல, சத்தியமா.

பெரிய ரோட்டுல வண்டி வழுக்கிக்கிட்டுப் போச்சு. அவரு சிரிச்சுக்கிட்டே ஓட்டினாரு. மஞ்சளா இருந்தா என்ன, உள்ள உக்காந்தா மஞ்சள் தெரியவா போகுதுன்னு நான் சொன்னேன், அதுக்கும் சிரிச்சாரு. திரும்பி வரும்போது கடைத்தெரு வழியா வந்தோம். மெதுவாத்தான் வந்தாரு. என் பக்கத்து நடைபாதையிலருந்து ஒரு அம்மா, கையில காய்கறிப் பை, ரோட்டுல இறங்கிக் குறுக்க நடந்தாங்க. அவசரமே இல்லாம நடந்தாங்க. இவரு நிறுத்துவாருன்னு நான் பேசாம இருந்தேன். வண்டி வேகம் குறையல.

"ஆளு வருதுங்க."

"எங்க?"ன்னு கேட்டாரு.

அந்த அம்மா காருக்கு நேர் முன்னாடி வந்த பிறகுதான் அவரு கால் பிரேக்குக்குப் போச்சு. வண்டி குலுங்கி நின்னுச்சு. அந்த அம்மாவோட பை கார் மூக்குல பட்டு, ரெண்டு தக்காளி உருண்டு ஓடிச்சு. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. நின்னு எங்களை ஒரு பார்வை பாத்தாங்க. "கண்ணு தெரியலையா உனக்கு?"ன்னு கேட்டுட்டு, தக்காளியைக்கூட எடுக்காம நடந்து போயிட்டாங்க.

என்னை ஒருத்தர் ஒண்ணு சொன்னா நான் ஒம்பது சொல்றவ. அன்னிக்கு அந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் இல்ல. தெருவுல யார் வேணா யாரை வேணா கேக்கற கேள்விதான். நானே எத்தனை ஆட்டோக்காரனைக் கேட்டிருப்பேன்.

வண்டியை ஓரமா நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாரு. அந்த அம்மாவை நீங்க பாக்கவே இல்லையான்னு கேட்டேன். இல்லைன்னாரு. டெஸ்டு நல்லா வந்துச்சேன்னேன். அவரு ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நேராவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அந்த மெஷின் சத்தம் போடும்"னாரு.

எனக்குப் புரிஞ்சு போச்சு. அந்த மெஷின் எங்க கடையிலயும் ஒண்ணு இருக்கு, மூடின ஆஸ்பத்திரிலருந்து வாங்கிப் போட்ட பழசு. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒண்ணுக்குள்ள முகத்தை வெச்சு நடுவுல இருக்கற புள்ளியையே பாக்கணும். சுத்தி அங்கங்க சின்ன வெளிச்சம் மின்னும். மின்னினது தெரிஞ்சா கையில இருக்கற பட்டனை அமுக்கணும். வெளிச்சம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி உள்ள டிக்குன்னு ஒரு சத்தம் வரும், காதுல விழுந்தும் விழாம. வேற யாருக்கும் அது தெரியாது. வருஷக்கணக்கா அதுகிட்ட நின்ன இவருக்குத் தெரியும். பொய்யா அமுக்கறவங்களைப் பிடிக்க, நடுநடுவுல வெளிச்சமே இல்லாம சத்தம் மட்டும் போடும். அந்தச் சத்தம் ஒரு இழை குட்டையா இருக்கும்னும் இவருக்குத் தெரியும். டாக்டரம்மாவோட மெஷினும் அதே கம்பெனிதான். மனுஷன் கண்ணால பாக்கல, காதால பாத்து அமுக்கியிருக்காரு.

"அதை நம்பித்தானே அவங்க ஆபரேஷன் வேண்டாம்னாங்க?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

எனக்குள்ள கொதிச்சுது. ஒரு காருக்காகக் கண்ணை அடகு வெச்ச மனுஷனை என்ன சொல்லித் திட்டறதுன்னு வார்த்தை தேடிக்கிட்டு இருந்தேன். ஊர்ல யாராவது தப்பா அமுக்கினா, "ஐயா, எங்கிட்ட பொய் சொன்னா உங்களுக்குத்தான் நஷ்டம்"னு சொல்ற ஆளு இவரு.

அப்பத்தான் மெதுவாச் சொன்னாரு. "நிஜத்தைச் சொன்னா அன்னிக்கே சாவியை வாங்கி வெச்சிருப்பாங்க. இதை வாங்கினா ஓட்டணும், ஓட்டினா உனக்குத் தெரிஞ்சுடும். அதான் புதுசுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அது வர்ற வரைக்கும் நான் கார் ஓட்டறவனாவே இருக்கலாம்ல?"

நான் திட்டல. இறங்குங்க, நான் ஓட்டறேன்னேன்.

இறங்கி இடம் மாறினோம். இறங்கறதுக்கு நான் கை குடுத்தேன், எனக்கு அவரு கை குடுத்தாரு, முதுகு வலி வியாபாரியை நினைச்சு ரெண்டு பேருமே சிரிக்கப் பாத்து முடியாம விட்டுட்டோம். கொட்டகை வரைக்கும் நான்தான் ஓட்டினேன். எனக்கு டப்பாக் காரு ஓட்டித்தான் பழக்கம். இதுல காலை லேசா வெச்சாலே பாயுது. அவரு கியரைப் பத்தியோ வேகத்தைப் பத்தியோ ஒரு வார்த்தை சொல்லல. அண்ணன், எப்படி தங்கச்சின்னு கேட்டாரு. காருல ஒரு குறையும் இல்லண்ணே, நாங்க வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்னு சாவியைத் திருப்பிக் குடுத்தேன்.

வீட்டுக்குப் போகல. நேராக் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி தூக்கினேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம், தெருவுல ஈ காக்கா இல்ல. மூலையில துணி போத்திக் கிடந்த மெஷினை இழுத்துப் போட்டு, தூசி தட்டினேன். கண்ணாடி துடைக்கற பஞ்சுல ரெண்டு உருண்டை உருட்டி அவரு காதுல நானே அடைச்சேன். குளிப்பாட்டின பிறகு பொண்ணுக்குக் காது துடைச்சு விட்டது ஞாபகம் வந்துச்சு. அவரு தாடையை மெஷின்ல வெச்சாரு. ஒரு கண்ணை மறைச்சுக் கட்டினேன், பட்டனைக் கையில குடுத்தேன், ஓட விட்டேன்.

நான் நிக்கற பக்கம் ஒரு சின்னத் திரை இருக்கு, எந்த இடத்துல வெளிச்சம் மின்னுதுன்னு அதுல தெரியும். நான் அதையும் அவரு கட்டை விரலையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தேன். மேல மின்னுச்சு, விரல் அசையல. ஓரத்துல மின்னுச்சு, அசையல. கீழ மின்னுச்சு, அசையல. வெளிச்சம் ஒவ்வொண்ணாச் சுத்தி வந்து அவரு கண்ணு முன்னாடியே நின்னுட்டுப் போச்சு, அவரு நடுப் புள்ளியைப் பாத்துக்கிட்டு, எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்தாரு. அமுக்குங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. நடுவுல மின்னினப்ப மட்டும் விரல் அசைஞ்சுது. இன்னொரு கண்ணு அதைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். கதவுல சாவி போடற ஓட்டை வழியா உலகத்தைப் பாத்துக்கிட்டு இந்த மனுஷன் கடைத்தெருவுல கார் ஓட்டியிருக்காரு.

முடிஞ்சதும் மெஷின் தானா நின்னுச்சு. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. எவ்வளவு மிச்சம்னு அவரு கேக்கல. எழுந்து, கையால சுவத்தைத் தடவிக்கிட்டுத் திரைக்குப் பின்னாடி போனாரு. போய் அந்தப் பெரிய நாற்காலியில உக்காந்தாரு. நானும் பின்னாடியே போய் காதுல இருந்த பஞ்சை எடுத்தேன். நாளைக்குக் காலையில முதல் வேலையா டாக்டரம்மாகிட்டப் போறோம், நடந்ததை நீங்களே உங்க வாயால சொல்லணும்னேன். சரின்னாரு. ஆபரேஷன்னா ஆபரேஷன்னேன். அதுக்கும் சரின்னாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு, "கேளேன்"னாரு.

எதைன்னு கேட்டேன்.

"எப்பவும் நான் கேக்கறதை."

என்ன சொல்றாருன்னு புரிஞ்சுது. வேண்டாங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன். ஆனா இத்தனை நாளா மேசையில பரப்பி வெச்சிருந்ததை அவரே மடிச்சு எடுத்து வைக்கணும்னு நினைக்கறாரு, அதுல நான் குறுக்க நிக்கக் கூடாது. நாற்காலிக்குப் பக்கத்துல, அவரு எப்பவும் நிக்கற இடத்துல போய் நின்னேன். இத்தனை வருஷத்துல அங்க நின்னது அதுதான் முதல் தடவை.

"மை நீலம், புதுசு, அது முதலாவது. மஞ்சள் ரெண்டாவது. சொல்லுங்க. முதலாவதா, ரெண்டாவதா?"

அவரு அவசரப்படல. எழுத்துப் பலகை இருக்கற பக்கம் பாத்துக்கிட்டு, நிஜமாவே ரெண்டையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுப் பாக்கற மாதிரி யோசிச்சாரு. அப்புறம் சொன்னாரு.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

அதுக்கு அடுத்து நான் சொல்ல வேண்டியது என்னன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், அதைக் கேக்கறதுக்குத்தான் அவரு உக்காந்திருந்தாரு. அவ்வளவுதாங்க, எழுந்திரிங்க. ரெண்டே வார்த்தை. முன் கடையில நின்னு கத்திக் கத்தி ஊரையே கூட்டற தொண்டை எனக்கு. அன்னிக்கு அது திறக்கவே இல்ல.

நான் சொல்லாததால அவரு எழுந்திரிக்காமலே இருந்தாரு. அப்புறம் என்னைத் தேடிக் கையை நீட்டினாரு. நான் பக்கத்துலதான் நிக்கறேன், கை என்னைத் தாண்டிக் காத்துல துழாவிச்சு. எட்டிப் பிடிக்கத்தான் போனேன். அப்புறம் அப்படிச் செய்யல. சுத்தி வந்து நாற்காலிக்கு எதிர்ல மண்டி போட்டு உக்காந்தேன். என் கையை அவரு மூஞ்சிக்கு நேரா, அவருக்குத் தெரியற இடத்துல கொண்டுபோய் வெச்சேன்.

அவரு அதைப் பாத்தாரு, பிடிச்சுக்கிட்டாரு.